ரெண்டு சாண் பாம்பும் இருபது வருஷமும்

பர்மிய மலைப்பாம்புக் குட்டி முட்டையை உடைச்சிட்டு வெளிய வரும்போது ரெண்டு, ரெண்டரை சாண் நீளம்தான் இருக்கும். யாரோ பொறுமையா உட்கார்ந்து கோரைப்பாய் முடைஞ்ச மாதிரி உடம்பு பூரா பழுப்பும் மஞ்சளுமா கட்டங்கள். விஷம் கிடையாது. கையில எடுத்தா மணிக்கட்டைச் சுத்திக்கிட்டு வளையல் மாதிரி உட்கார்ந்துக்கும். 1990-களில் அமெரிக்காவில் இதைச் சில பத்து டாலருக்கு வாங்கிடலாம். ஒரு குடும்பம் ஓட்டல்ல ஒரு வேளை சாப்பிடுற காசு.

பாம்பு வாங்கியே தீரணும்னு கிளம்பிப் போய் வாங்கினவங்களை விட, ஊர்வனச் சந்தையை வேடிக்கை பார்க்கப் போய், பையன் கேட்டான்னு வாங்கிட்டு வந்தவங்கதான் அதிகமா இருந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். தீவுத்திடல் பொருட்காட்சிக்கு டெல்லி அப்பளம் சாப்பிடப் போய், எதுக்குன்னே தெரியாம ரெண்டு தோசைக்கல்லோட வீட்டுக்கு வர்ற நம்ம கதைதான் :-) என்ன, தோசைக்கல் வளராது.

1996-லிருந்து 2006 வரைக்குமான காலத்தில் மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகியிருக்கின்றன. உள்ளூர்லயே முட்டை பொரிச்சு வித்தது இந்தக் கணக்குல வராது. அதிலயும் வெள்ளையும் மஞ்சளுமா இருக்கிற அல்பினோ ரகத்துக்குத் தனி மவுசு.

சின்ன வயசுல கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடந்த மலைப்பாம்பைப் பார்த்துட்டு என் பக்கத்துல நின்ன பையன் "டேய், இதை வீட்ல வளக்கலாமாடா?"ன்னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பே இல்லை. அழகா இருக்கிற எதைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கொண்டு போகணும்னு தோணறது மனுஷ சுபாவம். நம்ம ஊர்ல சட்டமும் அம்மாவும் குறுக்க நிப்பாங்க. அங்க ரெண்டு பேருமே நிக்கலை.

நிற்க. வாங்கின பாம்பு என்ன ஆச்சு?

நல்லா தீனி போட்டா ரெண்டு மூணு வருஷத்துல பத்தடியைத் தாண்டிடும். முதல்ல சுண்டெலி, அப்புறம் பெரிய எலி, அதுக்கப்புறம் முழு முயல். கண்ணாடித் தொட்டி பத்தாம ஒரு அறையையே ஒதுக்கணும். பெரிய பாம்பைத் தூக்கறதுக்கு ஒரு ஆள் போதாது, துணைக்கு இன்னொருத்தர் வேணும். ஆயுசு இருபது வருஷத்துக்கும் மேல. பன்னிரண்டு வயசுல ஆசைப்பட்டு வாங்கின பையன் கல்லூரி முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கிட்ட பிறகும் பாம்பு அங்கயேதான் இருக்கும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவார். வரப்போற மனைவி "அதுவா, நானா?"ன்னு கேப்பாங்க. மிருகக்காட்சிசாலைக்கு போன் போட்டா "எங்ககிட்டயே நிறைய இருக்கு"ன்னு பதில் வரும்.

கொல்ல மனசு வராது. அப்ப என்ன பண்றது? ராத்திரி கார் டிக்கியில போட்டு எடுத்துட்டுப் போய், தண்ணியும் புல்லும் இருக்கிற இடமாப் பார்த்து விட்டுட்டு வர்றது. விட்டவங்களுக்கு அது ஜீவகாருண்யமாத்தான் தெரிஞ்சிருக்கும். இவங்களை வில்லனா எழுத எனக்கு மனசு வரலை.

தென் ஃப்ளோரிடாவில் அப்படி விட்ட இடம் எவர்கிளேட்ஸ். சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா, அதைச் சுத்தி இன்னும் சதுப்பு நிலம். ஆளுயரக் கோரைப்புல், கணுக்கால் தண்ணி, வெயில், ஈரம். பர்மாவிலேர்ந்து வந்த பாம்புக்குப் பொறந்த வீடு மாதிரி. அந்தப் பக்கத்துல முதல் மலைப்பாம்பு பதிவானது 1979-ல். அது ஒண்ணு எங்கேர்ந்தோ தப்பிச்சு வந்ததுன்னு விட்டுட்டாங்க. இங்கேயே குஞ்சு பொரிச்சுக் குடும்பம் நடத்துதுன்னு விஞ்ஞானிகள் உறுதியா எழுதினது 2000-ல். நடுவுல இருபத்தியொரு வருஷம்.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணு உண்டு. 1992 ஆகஸ்ட் 24 அன்னிக்கு ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பக்கம் கரையைக் கடந்தப்ப, அங்க இருந்த ஒரு பாம்புப் பண்ணை நொறுங்கிப் போச்சு, பாம்பெல்லாம் சதுப்புக்குள்ள ஓடிருச்சு, அதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்னு சொல்லுவாங்க. பண்ணை நொறுங்கினது உண்மை. ஆனா இந்தக் கதை எனக்கு ரொம்ப வசதியான கதையாப் படுது. 1979-லயே ஒரு பாம்பு இருந்திருக்கே? ஆராய்ச்சியாளர்கள் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டதுல, புயலே வேண்டாம், 1980-களோட நடுவுக்கு முன்னாடியே கொஞ்சம் பாம்புகளை விட்டிருந்தா போதும், இந்த எண்ணிக்கை வந்திருக்கும்னு தெரிஞ்சுது. புயல் பங்கு போட்டிருக்கலாம். ஆனா புயலைக் காரணமாச் சொன்னா கார் டிக்கியைத் திறந்தவங்க யாரும் கணக்குல வரமாட்டாங்க.

2018-ல் இன்னொரு வேடிக்கை வெளியாச்சு. சுமார் 400 பாம்புகளோட திசுவைச் சோதிச்சதுல 13-ல் இந்திய மலைப்பாம்போட மரபணுத் தடயம் இருந்தது. பர்மிய வகைக்கு ஈர நிலம் பிடிக்கும், நம்ம வகை கொஞ்சம் மேடான, காய்ந்த இடத்துலயும் சமாளிக்கும். ரெண்டும் கலந்தா எந்த நிலத்துலயும் பிழைக்கிற பிள்ளைகள் பிறக்குமோன்னு அவங்களுக்கு ஒரு கவலை.

உலகத்துக்கு இந்த விஷயம் தெரிஞ்சது 2005-ல் ஒரு புகைப்படத்தால. பதின்மூணு அடி மலைப்பாம்பு ஆறடி முதலையை விழுங்கி, ரெண்டும் செத்து, பாம்போட வயிறு பிளந்து முதலை வால் வெளிய தொங்குற படம். பலபேரோட மின்னஞ்சல்ல சுத்தின படம், நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனா உண்மையான சேதம் படம் பிடிக்க முடியாத மாதிரி நடந்துச்சு. 1996-97-ல் ராத்திரியில ரோட்டோரமா கார் ஓட்டிக்கிட்டே எத்தனை மிருகம் தென்படுதுன்னு எண்ணி வெச்சிருந்தாங்க. அதே மாதிரி 2003-லிருந்து 2011 வரைக்கும் எண்ணி, 2012-ல் ஒப்பிட்டுப் போட்டாங்க. ரக்கூன் 99.3 சதவீதம் குறைவு. ஒபோசம் 98.9. பாப்கேட்ங்கிற காட்டுப்பூனை 87.5. சதுப்பு முயலும் நரியும் கண்ணுலயே படலை.

பாம்புதான் தின்னுச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னு சிலர் கேட்டாங்க. சரின்னு முயல்களுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பூங்காவுக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள செத்த முயல்கள்ல 77 சதவீதம் மலைப்பாம்பு வயித்துக்குத்தான் போயிருந்துச்சு. ரேடியோ சத்தம் பாம்புக்குள்ளேர்ந்து வந்தா வேற என்ன சாட்சி வேணும்.

இதோட தொடர் விளைவுகள் எனக்கு இன்னும் ஆச்சரியம். பெரிய மிருகம் இல்லாததால கொசுக்கள் பருத்தி எலியை அதிகமாக் கடிக்குது. எவர்கிளேட்ஸ் வைரஸ்னு ஒண்ணு குடியிருக்கறது அந்த எலிக்குள்ளதான். ஆசியப் பாம்போட நுரையீரல்ல ஒட்டிக்கிட்டு வந்த புழு, ஃப்ளோரிடாவோட சொந்தப் பாம்புகளுக்குத் தொத்தி, மலைப்பாம்பு இன்னும் போய்ச் சேராத ஊர்களுக்கும் போயிருச்சு.

வீட்டுக்குள்ள இருந்த பாம்புகளும் எல்லாம் சாதுவா இருந்துடலை. 2009 ஜூலையில் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டுல, அனுமதி இல்லாம வளர்த்த எட்டடிக்கு மேற்பட்ட அல்பினோ மலைப்பாம்பு ராத்திரி கூண்டிலிருந்து வெளிய வந்து, ரெண்டு வயசுப் பெண் குழந்தையைக் கொன்னுருச்சு. பாம்புக்கு ஒழுங்கா தீனி போட்டு வாரக்கணக்கா ஆகியிருந்தது. 2011-ல் தாய்க்கும் அவரோட துணைவருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு வருஷம் சிறை. இதுக்கு மேல இதைப் பத்தி எழுத முடியலை.

சட்டம் மெதுவா வந்துச்சு. 2008-ல் ஃப்ளோரிடாவில் வருஷம் 100 டாலர் கட்டி அனுமதி வாங்கணும், பாம்புக்குள்ள மைக்ரோசிப் வைக்கணும்னாங்க. 2010-ல் இனி புதுசா செல்லப்பிராணியா வாங்கவே கூடாதுன்னாங்க. நாடு முழுக்க இறக்குமதித் தடை 2012 ஜனவரியில். காட்டுக்குள்ள குடும்பம் நடத்துதுன்னு தெரிஞ்சு பன்னிரண்டு வருஷம் கழிச்சு! பொழைப்பு போகுதுன்னு பாம்பு வளர்ப்பாளர்கள் போராடினாங்க. குளிர் பிரதேசத்துல வளர்க்கிறவன் என்ன பாவம் பண்ணான்னு அவங்க கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டத்தை வெச்சு மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போறதைத் தடுக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

இனிமே வர்றதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பாம்பு பிடிக்கப் போட்டி வெச்சாங்க. 2013-ல் சுமார் 1,600 பேர் பதிவு பண்ணி, ஒரு மாசம் அலைஞ்சு பிடிச்சது 68. 2016-ல் ஆயிரம் பேர், 106 பாம்பு. காரணம் சுலபம். அந்தப் புல்லுக்குள்ள மலைப்பாம்பு இருந்தா, தேடறவங்க கண்ணுல படற வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கும் கீழ. காலடியில கிடந்தாலும் தெரியாது.

அப்பத்தான் 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்துலேர்ந்து ரெண்டு இருளர்கள் போனாங்க. மாசி சடையன், வடிவேல் கோபால். ஏற்பாட்டுக்குப் பின்னாடி இருந்தவர் சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேக்கர். 1970-களில் பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து இருளர் பிழைப்பு முடங்கினப்ப, 1978-ல் வடநெம்மேலியில் விஷம் எடுக்கிற கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விடுவாங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில போடுற விஷமுறிவு ஊசிக்குப் பின்னாடி இவங்க கை இருக்கு.

மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேர் உட்பட மொத்தச் செலவு 68,888 டாலர். அங்கே இருக்கிறவங்க ரோட்டுலயும் கரையிலயும் வண்டியில போய், வெயில் காய வர்ற பாம்பைத் தேடறது வழக்கம். இவங்க வண்டியை விட்டு இறங்கி நேரா புதருக்குள்ள நடந்தாங்க. கையில ஒரு இரும்புக் கம்பி. மண்ணுல இழுத்த தடம், உரிஞ்ச சட்டை, எச்சம், இதைப் படிச்சே போனாங்க. ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள 13 பாம்பு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒண்ணு இருக்கு, அங்க ஒரு குழிக்குள்ள பதினாறடி பெண் பாம்பு கிடைச்சுது. வல்லரசு ஏவுகணை வெச்ச இடத்துல, நம்ம இருளர் பாம்பு பிடிச்சாங்க :-) ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

கதை ஃப்ளோரிடாவோட நிக்கலை. ஸ்பெயினோட கிரான் கனாரியா தீவுல, செல்லமா வளர்த்து வெளிய போன கலிஃபோர்னியா ராஜப்பாம்பு, அந்தத் தீவுக்கே சொந்தமான பெரிய பல்லி இனத்தைப் போன இடத்துலயெல்லாம் கிட்டத்தட்டத் துடைச்சிருச்சு. நம்ம பக்கமும் ஆசை வந்தாச்சு. 2023 ஜூலையில் கோலாலம்பூர்லேர்ந்து திருச்சி விமான நிலையத்துல இறங்கின ஒருத்தரோட பெட்டிக்குள்ள 47 மலைப்பாம்புகள் இருந்துச்சு.

நல்லபடியா முடிஞ்ச கதையும் இருக்கு. 1961-ல் யாரோ ஒரு உரிமையாளர் தன்கிட்ட இருந்த பந்து மலைப்பாம்பை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். அது 2020-லும் உயிரோட இருந்து, அறுபது வயசு தாண்டின நிலையில, பல வருஷமா ஆண் பாம்பு பக்கத்துலயே இல்லாம, முட்டையும் போட்டுச்சு.

எவர்கிளேட்ஸ்ல 2000-லிருந்து 20,000-க்கும் மேல பாம்புகளை அகற்றியிருக்காங்க. 2025 போட்டியில மட்டும் 294. அங்க பிடிச்ச ஒரு பெண் பாம்போட எடை 215 பவுண்டு, வயித்துக்குள்ள வளர்ந்துக்கிட்டிருந்த முட்டை 122. முழுசா ஒழிக்கிறது அநேகமா நடக்காதுன்னு விஞ்ஞானிகளே 2023-ல் எழுதிட்டாங்க. 2025 கோடையில புதுசா ஒரு யோசனை பண்ணாங்க. நிஜ முயல்தான் இல்லையே? சூரிய சக்தியில ஓடற பொம்மை முயல்கள் 120 செஞ்சு, உடம்புச் சூடும் அசைவும் வர்ற மாதிரி வெச்சு, கேமராவோட சதுப்புல உட்கார வெச்சாங்க, பாம்பு தேடி வருதான்னு பார்க்க. ஒரு பொம்மை முயலோட விலை சுமார் 4,000 டாலர்.