ஊட்டியவர் யார்? ஏலமலைச் சரிவில் குழந்தையின் உணவும் எடையும் அளக்கப்பட்ட வரலாறு

கேன்டர் அறிக்கையைத் தொடாமல் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் எடையைப் பற்றி எவரும் எழுதிவிட முடியாது. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதியுதவியோடு சிட்னி கேன்டர் நிறுவனம் நடத்தி 1973இல் வெளியிட்ட ‘தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு’ பிற்காலத் திட்டங்கள் பலவற்றுக்கும் அடித்தளம். வருமானக் குறைவு மட்டும் காரணமன்று, வீட்டுக்குள் உணவு பங்கிடப்படும் விதமும் பால்குடி மறக்கும் பருவத்தில் ஊட்டும் வழக்கங்களும் சேர்ந்தே சின்னப் பிள்ளையை மெலியவைக்கின்றன என்பது திட்டமிடுவோர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட வாசிப்பு. அந்த வாசிப்போடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு.

கேன்டர் குழுவின் அலகு குடும்பம். ஒரு வீடு, ஓர் அடுப்பு, ஒரு பானை. அந்தப் பானையிலிருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்பது கேள்வி. இந்தக் கேள்விக்குள் சொல்லப்படாத ஓர் ஊகம் இருப்பதாக எனக்குப் படுகிறது: பிள்ளை உண்ணும் நேரத்தில் தாய் பக்கத்தில் இருக்கிறாள், ஊட்டுவதும் ஊட்டாததும் அவள் அறிவையும் வழக்கத்தையும் பொறுத்தது என்பதே அது. வயலும் வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களில் இது பெரிதாகப் பிசகாது. ஏலமலை அடிவாரத்து ஊரான போடிநாயக்கனூரில், சுருக்கமாகப் போடியில், பிசகும். இங்கே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டிப் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத்தான் இறங்குகிறார்கள். ஆடி தொடங்கித் தை வரையிலான காய் எடுப்பு மாதங்களில் இதுதான் அன்றாடம். ஒன்றரை வயதுப் பிள்ளை பகலில் என்ன தின்றது, எத்தனை வாய் வாங்கியது, எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதெல்லாம் அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ தெரியும். தாய்க்குத் தெரிவது இரவுச் சோறு மட்டும். பங்கீட்டில் ஓரவஞ்சனை என்று கேன்டர் வாசிப்பு எதைச் சொல்லுமோ, அது இங்கே பெரும்பாலும் நேரப் பஞ்சம். வேலைக்குப் போகாத தாய்மாரும் இதே சரிவில் உண்டு என்பதால்தான் ‘பெரும்பாலும்’ என்கிறேன்.

கேன்டர் குழுவுக்கு நியாயம் செய்ய வேண்டும். மாநிலம் முழுமைக்குமான ஆய்வில் ஒரு மலையடிவாரத்தைத் தனியே பிரித்துப் பார்க்க இடம் இருந்திருக்காது. ஆனால் ‘தாய்க்குச் சொல்லித்தந்தால் பிள்ளை தேறும்’ என்ற முடிவு பின்வந்தவர்கள் கையில் விதியாகிவிட்டது. சட்டத்தின் வரலாறு அதற்கு எதிர்த் திசையில் பேசுகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. அது முதலில் பெயர் சொன்ன பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் என்ற வரம்போடு ஏலக்காயின் பெயர் அந்த வரிசையில் ஏறியது 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். ஏறிய பிறகும் என்ன? காப்பகம் இருந்தால் அது கேரளத்து மேட்டில். பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளத்தில். தினமும் எல்லை கடந்து திரும்பும் தாயைச் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் வைக்கவில்லை என்றே கொள்ளலாம்.

கேன்டர் வாசிப்பு செயலுக்கு வந்தது 1980இல். உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் முதல் களம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். போடியும் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996இல். 6 முதல் 36 மாதம் வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை மூன்று மாதத்தில் 500 கிராம் ஏறவில்லையென்றால் மையத்தில் சத்துருண்டை. 90 நாள் கழித்து, தேறினால் நிறுத்தம். உருண்டையை வீட்டுக்கு எடுத்துப்போக விடாமல் பணியாளர் கண்முன்னே தின்னவைத்ததில் ஒரு கூர்மை உண்டு: வீட்டில் பிரிந்துபோகும் என்ற கேன்டர் அச்சம் அதில் தெரிகிறது. ஆயினும் அட்டையில் ஏறியது எடை மட்டுமே. பிள்ளை ஆவலோடு தின்றதா, பாதியில் வைத்ததா என்பதற்கு அதில் கட்டமில்லை. எடை ஏறாதபோது வழக்கத்தில் குறை என்று கொண்டு தாய்க்கு அறிவுரை சொன்னார்கள். நடத்தையை அளக்காமலே நடத்தையைப் பற்றித் தீர்ப்பு.

எடையும் அசையாத அளவுகோலன்று. 1972இல் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் வகுத்த தரப்பிரிவு, பாஸ்டன் நகரக் குழந்தைகளிடம் எடுத்த ஹார்வர்டு அளவைச் சார்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோல் 2008இல் இந்திய அங்கன்வாடிகளுக்கு வந்தபோது, ஒரு வாய் கூடவோ குறையவோ தின்னாமலே பல பிள்ளைகள் ஒரு தரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்கள்.

குழந்தையின் உண்ணும் நடத்தையையே நேராக அளக்கும் கருவி இலண்டனிலிருந்து வந்தது. ஜேன் வார்டிலும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட வினாத்தொகுப்பில் 35 கேள்விகள், எட்டுப் பிரிவுகள்: உணவைக் கண்டால் எழும் ஆவல், வயிறு நிறைந்ததை உணர்தல், மெதுவாக உண்ணல், பிடிக்காததை ஒதுக்கல் முதலியன. ஆவல் மிகுந்த பிள்ளைக்கு எடை கூடுதல், நிறைவை எளிதில் உணரும் பிள்ளைக்குக் குறைவு என்பது பல நாடுகளில் கண்ட போக்கு. சீனத்தில் 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2012இல் வந்தது. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீரவில்லை. ராட்டர்டாமில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்கள், எடைதான் பின்னாளைய ஆவலை முன்னறிவிக்கிறது என்று பெரும்பாலும் தலைகீழாகக் கண்டார்கள். என் கவலை அதற்கும் முந்தையது. கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் பெற்றோர். தட்டில் மிச்சம் வைக்கிறதா என்று ஒரு கேள்வி. உருட்டி உருட்டி ஊட்டப்படும் பிள்ளைக்குத் தனித் தட்டே கிடையாது. மிச்சம் ஊட்டுபவர் கையில்.

இங்கே நற்றிணை 110ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, சிறு கோலை ஓங்கியபடி நரைத்த செவிலியர் பின்னால் ஓட, சிறுமி பந்தலுக்குள் ஓடிப் போக்குக் காட்டுகிறாள்; அவர்கள் ஓய்ந்துபோகிறார்கள். அவளே மணமாகிக் கணவன் வீட்டு வறுமையில் தந்தை வீட்டுச் சோற்றை எண்ணாமல், வேளை தவறி உண்கிறாள். பாட்டின் சுவையை எல்லோரும் பேசியாயிற்று. என்னை நிறுத்தியது, பேசுபவர் யார், சூழல் எது என்று சொல்லும் அதன் துறைக்குறிப்பு. மனைமருட்சி என்று ஒன்றும், மகள்நிலை உரைத்தல் என்று மாற்றாக இன்னொன்றும் சொல்லப்பட்டுள்ளன. முதலாவதைக் கொண்டால் பேசுபவள் வீட்டிலிருந்து மருளும் தாய். இரண்டாவதைக் கொண்டால் மகளின் மனையைக் கண்டு வந்த செவிலி. ஒரே உண்ணும் நடத்தைக்கு இரண்டு சாட்சிகள்: கேட்டறிந்தவள் ஒருத்தி, கண்டறிந்தவள் ஒருத்தி. குறிப்பை எழுதியவர் தீர்மானிக்காமல் ‘இதுவும் ஆம்’ என்று விட்டுவிட்டார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக இரண்டும் நம் கையில் இருக்கின்றன. துறைக்குறிப்புகள் பாட்டுக்கு எவ்வளவு பிந்தியவை என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அரண்மனைச் செவிலியரிடமிருந்து ஏலத்தோட்டத்து அம்மாச்சிக்குத் தாவுவது நீண்ட தாவல் என்பதும் உண்மை. இருந்தும் நான் அழுத்திச் சொல்வேன்: ஊட்டியவரும் பதில் சொல்பவரும் வேறாக இருக்கும் வீட்டில் அறிக்கை மாறும் என்பதை அந்தத் துறைக்குறிப்பு அறிந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டு வினாத்தொகுப்பில் அதற்கு இடமில்லை. போடிச் சரிவில் அந்த வினாக்களைத் தாயிடம் கேட்பவர், மனைமருட்சியைத்தான் பதிவு செய்வார்.

சாட்சியே தேவைப்படாத அளவை ஒன்று இருக்கிறது. மிகக் கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கான 2011ஆம் ஆண்டு நடுவண் அரசு வழிகாட்டியில் பசிச் சோதனை வருகிறது. வறுத்த வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் கலந்த உணவைக் கொடுத்து, பிள்ளை தானாக எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பார்கள். வற்புறுத்தக் கூடாது; கோலுக்கு இங்கே இடமில்லை. ஆனால் இது ஆபத்துக் கட்டத்துக்கு வந்துவிட்ட சிலருக்கு மட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு நடந்ததோ எதிர்மாறு. இன்று மூன்று வயதுக்குட்பட்டோருக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது. 1980இல் பணியாளர் கண்முன் நடந்த உண்ணல் மறுபடி அடுப்படிக்குள் மறைந்துவிட்டது. அங்கன்வாடிப் பணியாளரின் கைப்பேசிச் செயலியில் ஏறுவது எடையும் உயரமும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடைக்குறைவு 2015–16இல் 23.8 விழுக்காடு, 2019–21இல் 22.0, மிகையெடை 5.0இலிருந்து 4.3. இந்த இறக்கத்தை எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது என்ற பழைய சிக்கல் நீடிக்கிறது. ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுக்குள், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் சோறு போடத் தொடங்கிவிட்டது. ஒரே ஊரில் அண்ணன் மையத்தில் உண்டபோது வீட்டுப் பானையில் தம்பிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை எடை அட்டைகளிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. தேனி மாவட்ட அட்டவணைகளும் உதவமாட்டா. கம்பம் பள்ளத்தாக்கின் வயலோர ஊர்களும் போடியின் ஜீப் பாதை ஊர்களும் அவற்றில் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.