கைரோபிராக்டிக் கல்வி

கைரோபிராக்டிக் கல்வி என்பது முதுகெலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் எழும் வலிகளை மருந்தும் அறுவையும் இன்றிக் கைகளால் அழுத்தியும் அசைத்தும் நீக்க முயலும் கைரோபிராக்டிக் என்னும் சிகிச்சை முறையைப் பயிற்றுவிக்கும் கல்வி ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இது சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்ட தொழிலாகும். இந்தியாவில் இதற்கெனச் சட்டப்படியான மன்றமோ பதிவேடோ இல்லை. எனவே தமிழ்நாட்டு மாணவர் ஒருவர், எங்கே படிப்பது என்பதற்கு முன்பாக எந்த நாட்டில் தொழில் செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

தோற்றம்

இம்முறையை 1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் டானியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கினார். 1897 இல் அங்கேயே பள்ளி ஒன்றையும் நிறுவினார். உரிமமின்றி மருத்துவம் செய்ததாக 1906 இல் அவர் சிறை செல்ல நேர்ந்தது. உரிமச் சட்டம் கான்சாசு மாநிலத்தில் 1913 இல் முதலில் இயற்றப்பட்டது. கடைசி மாநிலமான லூசியானாவில் 1974 இல்தான் வந்தது. கீழ்முதுகு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆஸ்துமா போன்ற பிற நோய்களையும் தீர்க்கும் என்னும் கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை.

வெளிநாட்டுக் கல்வி

உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முழுப் பயிற்சி நான்கு ஆண்டுகளில் 4,200 மணி நேரத்திற்குக் குறையக்கூடாது. அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையுடன் நோயாளிகளிடம் பெறும் பயிற்சியாக இருத்தல் வேண்டும். ஏற்கனவே மருத்துவத் துறைக் கல்வி பெற்றவர்களுக்கு 2,200 மணி நேரம் போதும். ஆனால் நோயாளிகளிடம் பெறும் 1,000 மணி நேரத்தில் சலுகை இல்லை. இதற்குக் காரணம் உண்டு. கழுத்தைத் திடீரெனத் திருப்பும்போது, அரிதாக, மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் ஏற்படலாம். யாருக்கு இதனைச் செய்யக்கூடாது என்று அறிவதே இக்கல்வியின் கடினமான பகுதி. சில நாள் வகுப்புகளில் இது கைவராது.

அமெரிக்காவில் மூன்று ஆண்டு அளவிலான கல்லூரிப் படிப்பிற்குப் பின் முனைவர் நிலையிலான தொழிற்பட்டம் பயில வேண்டும். தேசியத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளிலும் தேறி, மாநில உரிமம் பெறுதல் வேண்டும். தமிழ் மாணவர்களுக்கு அண்மையிலுள்ள வாய்ப்பு மலேசியா ஆகும். கோலாலம்பூரில் உள்ள பன்னாட்டு மருத்துவப் பல்கலைக்கழகம் 2010 இல் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. மலேசியாவின் மரபு மற்றும் துணை மருத்துவச் சட்டம், 2016 இத்துறையையும் உள்ளடக்கியது.

இந்தியாவில் நிலை

தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021 இன் பட்டியலில் இயன்முறை மருத்துவம் உண்டு, கைரோபிராக்டிக் இல்லை. வெளிநாட்டுப் பட்டத்துடன் திரும்புபவர் அப்பட்டத்தைப் பதிவு செய்ய இங்கு அமைப்பு ஏதும் இல்லை. இது பலர் பெருஞ்செலவு செய்த பின்னரே அறியும் செய்தி.

ஆகவே உள்நாட்டில் பணிபுரிய விரும்புவோர்க்கு ஏற்ற அண்மைப் படிப்பு இளநிலை இயன்முறை மருத்துவம் ஆகும். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். மூட்டுகளைக் கையால் அசைக்கும் முறைகள் இதிலும் கற்பிக்கப்படுகின்றன. நாலரை ஆண்டாக இருந்த இப்படிப்பிற்கு 2025 இல் வெளியான புதிய பாடத்திட்டம் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுடன் ஐந்து ஆண்டுகளை வகுத்துள்ளது. அரியலூர் மாவட்டத்தின் ஆலத்தியூர் போன்ற ஊர்களின் மாணவர்களுக்குத் திருச்சிராப்பள்ளி அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவில் உள்ளது. பின்னாளில் வெளிநாட்டில் கைரோபிராக்டிக் பயில விண்ணப்பிக்கவும் இப்பட்டம் அடிப்படையாக அமையும்.

சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வர்மமும் உண்டு. இவற்றை முறையாகக் கற்க ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பு உள்ளது. இதற்கு நீட் தேர்வு கட்டாயம். பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன.