தேங்காயும் வெற்றுச் சீட்டும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. அப்பா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. மகளின் படிப்புச் செலவுக்காக அதை விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வில்லியனூர் மாதாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

கேட்பது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. மாதா கோயில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்து, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி, இரண்டு சீட்டு எழுதி சுரூபத்தின் காலடியில் போட்டு, வீட்டிலேயே சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. பிளஸ் டூ முடித்ததும் மெக்கானிக்கலா கம்ப்யூட்டரா என்று எனக்கும் இப்படித்தான் போட்டார்கள். நான் இன்றைக்குக் கோடு எழுதிப் பிழைப்பது அந்தச் சீட்டின் உபயம். நல்லதா கெட்டதா என்று என் மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

என் மனைவி சி.எஸ்.ஐ. குடும்பம். அவள்தான் கேட்டாள்: "இது ஜோசியம் மாதிரி இல்லையா? சாமியார்கள் இதை ஒத்துக்கறாங்களா?" பதில் தெரியவில்லை. தேடப் போனேன். தேடியதில், கிட்டத்தட்ட இதே கேள்விக்குப் பாண்டிச்சேரியிலேயே முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. அந்தத் தீர்ப்பில் தேங்காய் இருக்கிறது.

1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் ஒரு இத்தாலியர் வந்து இறங்கினார். பெயர் கார்லோ தொம்மாசோ மயார் தெ தூர்னோன். போப்பாண்டவரின் தூதர். சீனாவுக்குப் போகிற வழி. இங்கே இயேசு சபைச் சாமியார்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஊர் வழக்கங்களை ரொம்பவே விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற புகாரை விசாரித்தார். எட்டு மாதம் தங்கினார், அதிலும் பாதி நாள் உடம்பு சரியில்லை. உள்ளூர்ப் பக்கம் போகவில்லை. பூஷே, பெர்த்தோல்தி என்ற இரண்டு இயேசு சபைச் சாமியார்களிடம் வழக்கங்களைக் கேட்டறிந்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் அதை வெளியிட்ட கையோடு கப்பலேறிவிட்டார். நம்ம ஆபீஸ்களில் ஆன்சைட்டிலிருந்து வந்து ஆடிட் செய்துவிட்டு, ரிப்போர்ட்டை மெயிலில் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் பின்கதை பரிதாபம். சீனாவில் பேரரசரோடு மோதி, 1710-ல் மக்காவில் காவலில் இருந்தபடியே இறந்துபோனார்.

ஆணையில் பதினாறு பிரிவுகள். ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது, பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, பெண் பெரியவளானால் விழா எடுக்கக் கூடாது, தாழ்த்தப்பட்டவர் வீட்டுக்குள் போய் நோயாளிக்குத் திருவருட்சாதனம் கொடுக்கச் சாமியார்கள் மறுக்கக் கூடாது. கடைசியில் சொன்னதைப் படிக்கும்போது, அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அவற்றோடு ஒரு பிரிவு: கல்யாணத்தில் தேங்காய் உடைத்து, அது உடைகிற விதத்தை வைத்து நல்லது கெட்டது பார்ப்பதைக் கிறிஸ்தவர்கள் விட வேண்டும். தேங்காய் சாப்பிட ஆசையாக இருந்தால் சடங்குக்கு வெளியே, மறைவாக, இந்த நம்பிக்கை இல்லாதவர்கள் உடைத்துத் தரலாம்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், விஷயத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். தேங்காயில் குற்றமில்லை, சட்னிக்கு அரைக்கலாம். அது சரிபாதியாக விழுந்ததா, உள்ளே பூ இருந்ததா, அழுகலா என்று குனிந்து பார்க்கிறோமே, அந்தப் பார்வையைத்தான் தடுக்கப் பார்த்தார். அந்த ஆணை எழுதப்பட்ட நாளில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர்களிடம் இல்லை. 1749-ல்தான் சந்தா சாகிப் கொடுத்தார். ஆனால் ஆணை கொடியைப் பார்த்து வரவில்லை, ஞானஸ்நானத்தைப் பார்த்து வந்தது. 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தார். இந்தியாவுக்கு வரும் சாமியார்கள் அதன்படி நடப்பதாகச் சத்தியம் செய்து கொடுக்கும் வழக்கம் 1940 வரை நீடித்தது.

தேங்காயைத் தடுத்துவிட்டால் போதுமா? ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவனுக்கு, நிலத்தை விற்கிறவனுக்கு, மேலே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு ஆணைக்குக் கட்டுப்படுமா? வேற்று மதத்து ஜனங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சைவர்களிடம் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. கயிறு விழுந்த இடத்தில் வரும் பாட்டுதான் பதில். தமிழில் இதற்கெல்லாம் பொதுவாக ஒரு சொல்லே இருக்கிறது: திருவுளச்சீட்டு. சீட்டில் விழுவது நம் இஷ்டம் அல்ல, அவர் உள்ளம்.

சரி, வேதத்தில் சீட்டு இல்லையா? இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை எடுத்தது சீட்டுப் போட்டுத்தான். ஊரீம், தும்மீம் என்று பழைய ஏற்பாட்டில் வருவதும் இந்த வகைதான். அப்படியானால் எது கேட்பது, எது ஜோசியம்?

இதற்குச் சபையின் பதில் ஒன்றும் நேர்கோடாக இல்லை. 386-ல் மிலானில் ஒரு தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தைப் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர் அகுஸ்தீனார். அதே அகுஸ்தீனார் பின்னால் ஒரு கடிதத்தில், சுவிசேஷ ஏடுகளைத் திறந்து உலகக் காரியங்களுக்குக் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். பேயிடம் போவதற்கு இது மேல் என்று ஒரு சலுகையும் கொடுத்தார்! 506-ல் பிரான்சின் ஆக்த் நகரச் சங்கம் இந்தப் பழக்கத்தையே தடை செய்தது. ஒரு காரியத்துக்குத் தடை எழுத வேண்டி வந்தால், அதை நிறையப் பேர் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

எனக்கு உதவியது பதின்மூன்றாம் நூற்றாண்டு தாமஸ் அக்வினாஸ். சீட்டை மூன்றாகப் பிரிக்கிறார். பங்கு பிரிக்கப் போடும் சீட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கும் சீட்டு, இனி என்ன நடக்கும் என்று பார்க்கும் சீட்டு. மூன்றாவதில்தான் ஜோசிய வாடை அதிகம். இரண்டாவதை அவர் முற்றிலும் தள்ளவில்லை, நிபந்தனை வைக்கிறார். அதில் முக்கியமானது, வேறு வழி இல்லாதபோது மட்டும், பயபக்தியோடு. தானே யோசித்து முடிவெடுக்கக் கூடியதைக் கடவுள் தலையில் போடுவது அவரைச் சோதிப்பது.

இதை அம்மாவிடம் என் தமிழில் சொன்னேன். "யோசிச்சா முடிவு தெரியுற விஷயத்துக்குச் சீட்டு போடக்கூடாதாம்மா. வெலை விசாரிக்கலாம், வில்லங்கம் பார்க்கலாம்." அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் பாத்தாச்சுடா. புள்ளை படிக்கணும்ங்கிறது சரி. அப்பா நெலத்தை விக்கக் கூடாதுங்கிறதும் சரி. ரெண்டும் சரியா இருந்தா யாரைக் கேக்கறது?"

அக்வினாஸ் சொன்ன 'வேறு வழி இல்லாதபோது' என்பது இதுதானோ என்று தோன்றியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வில்லியனூரில் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அம்மா மாதிரி ஆட்கள் புதிதில்லை. பிரான்சின் லூர்து நகரில் காட்சி 1858-ல். இங்கே லூர்தன்னை திருத்தலம் 1877-ல். எதிரே குளம். திருக்காமீசுவரர் கோயிலும் அதே ஊரில்தான், வைகாசித் தேருக்கு பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த ஊர். மாதா குளத்தங்கரையில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு, விசா கிடைத்ததும் அனுப்பலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அக்வினாஸ் முன்னவரைக் கண்டித்து, பின்னவரைப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

மனைவி வீட்டு வழக்கம் வேறு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுக்க ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மொரேவியர்கள் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊர்க்காரர்கள். 1731-லிருந்து வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு வசனம் எடுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள், இன்றும். இவர்களுக்கும் நமக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. கடலூர், சிதம்பரம் தாண்டினால் வருகிற தரங்கம்பாடிக்கு 1760-ல் வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டுக் குடியேறி, அங்கிருந்து நிகோபாருக்கு ஆள் அனுப்பினார்கள். 1803 வரை இருந்தார்கள்.

அந்தக் காலத்து மொரேவியர்கள் யாரை எந்தத் தேசத்துக்கு அனுப்புவது, யாருக்கு யாரைக் கட்டுவது என்பதையெல்லாம் சீட்டில் கேட்டார்கள். கல்யாணச் சீட்டை 1818-லும், சீட்டு முறையையே 1889-லும் கைவிட்டார்கள். அவர்கள் வைத்த சீட்டுகள் இரண்டல்ல, மூன்று. ஆம், இல்லை, வெறும் தாள். வெறும் தாள் வந்தால், இன்னும் நேரம் வரவில்லை, அல்லது கேள்வியே சரியில்லை என்று அர்த்தம். ப்ரோக்ராம் எழுதுகிற எவனுக்கும் இதன் அருமை தெரியும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வைத்துவிட்டு, மூன்றாவது நிலையை மறந்ததால்தான் பாதி பக் வருகிறது. தேங்காயில் இந்த வசதி இல்லை. நல்லதாக விழும், இல்லாவிட்டால் கெட்டதாக விழும், சும்மா இருக்கத் தெரியாது.

வாய் சும்மா இருக்காமல் இதையும் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அது நியாயம். அவங்களுக்கும் யோசிக்க நேரம் வேணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று சீட்டு போட்டார். எடுத்தது தம்பி மகனின் கை, நாலு வயசு. பிரித்துப் பார்த்தால் ஒன்றும் எழுதவில்லை.

தம்பி அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டான். கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறான், முதல் செமஸ்டர் கட்டணத்தை நான் கொடுத்தேன். "உன் ஆராய்ச்சியை உன் வீட்டோட வெச்சுக்கோ" என்று போனில் சொன்னான். கோபம் நியாயமானது, பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த ஈஸ்டர் முடிந்து வில்லியனூர்த் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மறுபடி கேட்கலாம் என்கிறார் அம்மா. கேளுங்கள், ஆனால் இந்தத் தடவை இரண்டு சீட்டுதான் என்கிறான் தம்பி.