மின்னஞ்சலுக்கு ஒரு பூட்டு

மின்னஞ்சலின் தொடக்ககால நெறிமுறைகளில் வாசகத்தை மறைக்கும் ஏற்பாடு இல்லாததால், மடல் தான் கடந்து செல்லும் கணினிகளில் உறையிடாத அஞ்சலட்டையைப் போலவே வாசிக்கத்தக்கதாக இருந்தது. மறையாக்கப்பட்ட செய்திகளின் மூல வாசகம் அரசுக்குக் கிடைக்க வழிவேண்டும் என்ற கருத்து 1991இல் அமெரிக்கச் செனட் மசோதா ஒன்றில் இடம்பெற்ற சூழலில், நிரலாளர் ஃபில் சிம்மர்மன் 'பிஜிபி' என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். எவருக்கும் வழங்கத்தக்க பொதுத் திறவியால் பூட்டப்படும் மடல், பெறுநர் மட்டுமே வைத்திருக்கும் தனித் திறவியால் திறக்கப்படும் என்பதே அதன் அடிப்படை. வலிமையான மறையாக்கத்தைப் போர்த்தளவாடமாகக் கருதிய அமெரிக்க ஏற்றுமதி விதிகளின்கீழ், மென்பொருள் வெளிநாடுகளுக்குப் பரவியது தொடர்பாகச் சிம்மர்மன்மீது விசாரணை நடந்துகொண்டிருக்கையில், 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூல நிரலை அச்சு நூலாகவே வெளியிட்டது. வட்டில் தடைக்குள்ளாகும் அதே வரிகள் தாளில் பேச்சுரிமையின் காப்பைப் பெற்றது விந்தையே. 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு ஏதுமின்றி விசாரணை கைவிடப்பட்டது. ஆயினும் அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் வரி ஆகியவற்றை பிஜிபி மறைக்கவில்லை.