அபினியும் அலமாரியும்

அம்பத்தூரில் என் இல்லத்து அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை நெடுநாள் கிடந்தது. குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பிய அன்று வாங்கியது அது. டிரமடால் கலந்த வலி மாத்திரை, அட்டைக்குப் பத்து. மூன்றை உட்கொண்டதும் வலி தணிந்தது, ஏழு எஞ்சின. அவற்றை என்ன செய்வதென்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேயர்களே, அந்தச் சிறிய அட்டைக்குப் பின்னே இருநூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் பால் வடியும்; அது உறைந்தால் அபினி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்துக்கடை இளைஞர் அதிலிருந்து வலி போக்கும் சத்தைப் பிரித்தெடுத்தார். கனவுகளின் கிரேக்கத் தெய்வமான மார்பியஸின் பெயரால் அது மார்பின் எனப்பட்டது. டிரமடால் செடியிலிருந்து வந்ததன்று. 1962-இல் ஜெர்மனியின் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டது. ஆயினும் மூளையில் மார்பின் சென்று பற்றும் இடங்களையே அதுவும் பற்றுகிறது. ஆகவே வலி தீர்க்கும் குணமும் அடிமைப்படுத்தும் குணமும் இரண்டிற்கும் உண்டு.

நம் நாட்டுக் கதை விந்தையானது. காசிப்பூரில் 1820-இல் தொடங்கிய தொழிற்சாலையில் பதமாக்கிய அபினியைக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனத்தின் தலையில் கட்டிப் பொருள் ஈட்டிற்று. இன்றும் மருத்துவ உலகுக்கு அபினி விளைத்துத் தரும் நாடு நம்முடையது. அத்தகைய நாட்டில் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனையோ கடுமை, பெரும் குற்றங்களுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. ஒரு மருத்துவமனை மார்பின் வைத்துக்கொள்ளப் பல உரிமங்கள் வேண்டும்; அனைத்தும் ஒரே வேளையில் செல்லுபடியாக வேண்டும்; ஒன்று காலாவதியானால் மற்றவை வெறுந்தாள். மருத்துவமனைகள் அஞ்சி அம்மருந்தையே கைவிட்டன. ஆண்டுக்கு ஐந்நூறு கிலோவுக்கு மேல் இருந்த மார்பின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சுருங்கியது. இத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ! கள்ளக் கடத்தலை நோக்கி வீசிய வாள் புற்றுநோயாளியின் படுக்கையில் விழுந்தது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தாரும் மருத்துவர் ராஜகோபால் போன்றோரும் பல்லாண்டு வாதாடிய பின்னரே, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு ஒரே உரிமம் போதும் என்றாயிற்று.

அமெரிக்காவிலோ நேர்மாறு. அங்கே 1996-இல் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமைப்படுத்தும் அபாயம் குறைவென்று விளம்பரம் செய்த நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அறுவை மருத்துவர்களும் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். அத்தகைய நோயாளிகளுள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் மாத்திரைகளை மிச்சம் வைத்தனர் என்று 2017-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டிற்று. மிச்சம் அலமாரியில் இருந்தது. அலமாரியிலிருந்து வீட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று.

நம் ஊர்களிலும் வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றோர் பிடிபட்ட செய்தியை நாளேடுகளில் காண்கிறோம். டிரமடால் விற்கும் கடைக்காரர் மருத்துவச் சீட்டைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்ற விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் அம்மருந்து போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கடைவரை காவல் உண்டு. வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்ட மாத்திரைக்குக் காவல் ஏது?

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் ஒரு வழி கூறியது. டிரமடால் உள்ளிட்ட 17 மருந்துகள் எஞ்சினால் கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றிவிடலாம். ஏனையவற்றைத் திரட்டி அழிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு குழந்தை தெரியாமல் விழுங்கினாலும் உயிருக்கு ஊறு நேரலாம் என்பதால் இந்த விலக்கு. என் ஏழு மாத்திரைகளும் அவ்வாறே போயின. ஆயினும் மனம் முழுதும் ஒப்பவில்லை. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் இன்னும் உண்டு. அங்கே கழிவுத்தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் அண்டை வீட்டார். கோழிக்கோட்டில் அதே ஆண்டில் வீடுகளிலிருந்து எஞ்சிய மருந்தைத் திரட்டும் திட்டம் தொடங்கிற்று. அத்தகைய பெட்டி எதுவும் என் தெருவுக்கு இதுவரை வரவில்லை.