பினாங்கில் எந்த மாதம் மழை, எந்த மாதம் வெயில்? நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

காலையில் வெயில் கொளுத்துது. மதியம் கடந்ததும் குடை இல்லாமல் வெளியே போக முடியல. "இந்த ஊர்ல மழை எப்போ வரும்னே சொல்ல முடியாது" என்று ஜோர்ஜ்டவுனில் பலரும் சொல்வதுண்டு. எந்த நாளில் மழை வரும் என்று சொல்வது கடினம்தான். ஆனால், எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மாறுவது வெப்பமா, காற்றா?

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் உள்ளது. அதனால் இங்கு குளிர்காலம், கோடைகாலம் என்ற பிரிவே இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ், இரவில் 24, 25 டிகிரி என்பதே வழக்கம். மாறுவது காற்றின் திசைதான். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் நடுவே, ஆண்டுக்கு இருமுறை பருவ மாற்றக் காலம் வருகிறது.

'பருவமழை தொடங்கியது' என்றால் பினாங்கிலும் மழையா?

பெரும்பாலும் இல்லை. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மழையைக் கிளந்தானும் திரெங்கானுவும் முதலில் வாங்கிக்கொள்கின்றன. தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்துவிடுவதால், ஜனவரியும் பிப்ரவரியும்தான் பினாங்கில் மிகவும் வறண்ட மாதங்கள். தமிழ்நாட்டின் கரையோரத்துக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவம், இங்கே வெயிலைக் கொண்டுவருகிறது.

தைப்பூசம் வருவதும் இந்த வறண்ட நாட்களில்தான். தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் பகல் வெயிலைத் தவிர்த்து, அதிகாலையிலோ இரவிலோ போவது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காம தண்ணீர் குடிங்க. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருவதால், கெடாவில் மழை குறைந்தால் நம் வீட்டுக் குழாயையும் அது பாதிக்கலாம்.

அப்படியானால் மழைக்காலம் எது?

பருவ மாற்றக் காலங்களான ஏப்ரல்-மே, செப்டம்பர்-அக்டோபர். அப்போது காற்று வலுவிழந்திருக்கும். பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைப்பகுதிகளில் மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும். தீபாவளி நெருங்கும் வாரங்களில் மழை வலுப்பது இதனால்தான். அந்த நேரத்தில் கடலும் பெருக்கெடுத்தால், ஆற்று நீர் வடிய வழியில்லாமல் சுங்கை பினாங்கு கரையோரத் தாழ்வான பகுதிகளில் திடீர் வெள்ளம் ஏற்படும்.

விடியற்காலைப் புயல்காற்று எங்கிருந்து வருகிறது?

சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் மேகக்கூட்டம், வரிசையாக நகர்ந்து விடியும் நேரத்தில் கரையைத் தாக்குகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதை எதிர்பார்க்கலாம். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் மரங்கள் சாயலாம், கூரைகள் பறக்கலாம். அந்த நேரத்தில் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போவது ஆபத்து. கொஞ்சம் பொறுத்துப் போங்க.

புகைமூட்டம் எப்போது?

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் எரிந்தால் புகை இங்கு வந்து சேரும். 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. 200-ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. 300-க்கு மேல் அபாய நிலை. ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் 100-ஐத் தாண்டியதுமே வெளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு தவறினால்?

தவறியதுண்டு. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில், வழக்கமாகப் பினாங்கை எட்டாத வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் ஒன்று தீபகற்பத்தைக் கடந்து வந்தது. விடிய விடியப் பெய்த மழையில் மாநிலத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. ஏழு பேர் உயிரிழந்தனர். எனவே மாதக் கணக்கு மட்டும் போதாது. அன்றைய எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்மழைக்கு மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு என்றால் நிலைமை மோசம். சிவப்பு என்றால் ஆபத்து. இடிமழை எச்சரிக்கை தனியாக வரும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது வெளியாகும் இந்த எச்சரிக்கை, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். அதனால் காலையில் பார்த்ததை நம்பி மாலையில் கிளம்பாதீங்க. 'மைசுவாச்சா' செயலியில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' இணையத்தளத்தில் அறியலாம்.

தாழ்வான பகுதியில் வசிக்கிறீர்களா? செப்டம்பர் பிறப்பதற்குள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்துகளை நீர்புகாத பையில் போட்டு, கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் அதற்குள் வண்டியை விடாதீர்கள். அவசரத்துக்கு 999.