சூப்பாய்

சூப்பாய்: அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கான்யனின் கிளைகளுள் ஒன்றான ஹவசூ பள்ளத்தாக்கின் அடியில் அமைந்த சிற்றூர், ஹவசூப்பாய் என்னும் பூர்வகுடியினரின் தலைமை ஸ்தலம். 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கு வசித்தோர் 208 பேர். மோட்டார்ச் சாலை மேட்டின் விளிம்போடு நின்றுவிடுகிறபடியால், அங்கிருந்து எட்டு மைல் தூரத்தை நடந்தோ, குதிரையேறியோ, ஹெலிகாப்டரிலோ கடந்தாக வேண்டும். தபாலைச் சுமந்து வருபவை கோவேறு கழுதைகள். தபால் என்றதும் கடிதக் கட்டை மாத்திரம் நினைத்துவிடலாகாது. ஊராருக்கு வேண்டிய மளிகைச் சாமான்களிற் பலவும் அஞ்சல் பொதிகளாகவே இறங்குகின்றன. இங்கிருந்து புறப்படும் உறைகளின் மீது விழும் முத்திரையிலும் கோவேறு கழுதையின் உருவம் உண்டு.

‘நீலப்பச்சை நீருக்குரிய மக்கள்’ என்பது ஹவசூப்பாய் என்னும் பெயரின் பொருள். ஊரைத் தொட்டோடும் ஓடையின் ஊற்று ஜலத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதில் விழுந்து கிடக்கும் சுள்ளியின் மேலும் சருகின் மேலும் அச்சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து, நாளடைவில் கல்லாக இறுகி, ஒவ்வொரு மடுவுக்கும் வளைந்த கரையொன்றைக் கட்டிவிடுகிறது. ஹவசூ, மூனி முதலிய அருவிகளின் கீழுள்ள மடுக்கள் இவ்வாறு உண்டானவையே.

இத்தனை குறுகிய இடத்தில் ஒரு ஜனசமூகம் எவ்வாறு வாழ்ந்தது என்று யாத்ரிகர்கள் வியப்பதுண்டு. உண்மையில் அவர்கள் அவ்வாறு வாழ்ந்தவர்களல்லர். கோடையில் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, அறுவடை முடிந்ததும் மேட்டுநிலம் ஏறி, மான் வேட்டையாடியும் பைன் கொட்டை சேகரித்தும் குளிர்காலத்தைக் கழிப்பதே அவர்களது பூர்வ வழக்கம். 1882இல் ஜனாதிபதி ஆர்தரின் ஆணை, பள்ளத்தாக்கின் அடியில் 518 ஏக்கரை மட்டும் அவர்களுக்கென ஒதுக்கியது. வருஷத்தின் ஒரு பாதிக்கு நிலத்தை அளித்து மறுபாதியைப் பறித்த ஏற்பாடு என்றே இதனைச் சொல்ல வேண்டும். நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 1,85,000 ஏக்கர் அவர்களிடம் மீண்டது.

இன்று ஊரின் ஜீவனோபாயம் பெரும்பாலும் சுற்றுலாவைச் சார்ந்தது. வெள்ளம் இங்கு பழகிய விபத்து. 1910 ஜனவரியில் ஊரையே அது அழித்தது. 2008 ஆகஸ்டில் ஓடை தன் தடத்தை மாற்றிக்கொண்டதனால், பழைய நவஹோ அருவி வறண்ட பாறையாக நிற்க, அருகே இரண்டு புதிய அருவிகள் விழத் தொடங்கின.